உலைத் தூசித் திருட்டு

எஃகு ஆலைக்குப் பின்னால் மலை மலையாகக் கிடந்த கசட்டை ஒரு காலத்தில் யாரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. இரும்பை உருக்கும்போது மேலே மிதப்பதை வழித்து அங்கே கொட்டினார்கள். உலைப் புகையோடு வருகிற தூசியைப் பெரிய பெரிய துணிப் பைகளில் வடிகட்டிப் பிடித்து, அதையும் அங்கேயே கொட்டினார்கள். விருந்தாளி யாராவது வந்து அது என்ன மலை என்று கேட்டால் பேச்சை மாற்றினார்கள். பிறகு ஒரு நாள், அந்தக் கசட்டுக்குள் இன்னும் இரும்பு இருக்கிறது, தூசிக்குள் துத்தநாகம் இருக்கிறது, எடுத்து விற்றால் நல்ல விலை என்று யாரோ கம்பெனியின் காதில் போட்டார்கள். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். பேச்சுக்குச் சொல்வதில்லை, பைத்தியம் என்றால் பைத்தியம்தான்.

மீட்புப் பிரிவு என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அதற்குத் தலைவராக வந்தவருக்கு ஆட்கள் வைத்த பெயர் சல்லடை. அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்பதற்காக வைத்த பெயர் அல்ல அது. உருப்படியானதெல்லாம் கீழே விழுந்துவிடும், கல்லும் கட்டியும் மட்டும் அவர் மண்டையில் தங்கும், அதற்காக வைத்த பெயர்.

கசட்டை உடைத்து, காந்த உருளையில் ஓடவிட்டு, ஒட்டிக்கொண்ட இரும்பைப் பிரித்தார் சல்லடை. அதுவரைக்கும் நியாயம். அதற்கப்புறம் கூரைத் தகரத்தில் படிந்ததைச் சுரண்டச் சொன்னார். சாக்கடைச் சேற்றை அள்ளி வெயிலில் காயவைத்தார். லாரிச் சக்கரங்களை பிரஷ்ஷால் தேய்த்த பிறகே வெளியே விட்டார். புகைபோக்கிக்குப் பக்கத்து மரத்தில் காக்கை கட்டியிருந்த கூட்டில் கம்பித் துண்டுகள் இருந்ததால், கூட்டையே இறக்கி எடை போட்டார். காக்கை மறுபடி கட்டியது. அவர் மறுபடி இறக்கினார். கடைசியில் அவருக்கு ஞானம் வந்தது. இந்தக் காக்கை ஆலை முழுக்க அலைந்து கம்பி பொறுக்கி ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்க்கிறதே, இதைவிட மலிவாக ஓர் ஆள் கிடைப்பானா என்று கூட்டத்தில் வைத்துப் பாராட்டினார். காக்கையை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று உத்தரவும் போட்டார். அந்தப் பாராட்டில் பாதி கிடைத்திருந்தால்கூட ஆட்கள் உயிரைக் கொடுத்து உழைத்திருப்பார்கள்.

இப்பேர்ப்பட்ட மனிதரிடம்தான், கால்பங்கு என்று ஆட்கள் பெயர் வைத்திருந்த பெண் வேலை பார்த்தாள். அவளுக்கு வேலை, குவியல் குவியலாகப் போய் மாதிரி எடுப்பது. ஒரு குவியலில் பல இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளுவாள். அதை ஒரு தகட்டில் கூம்பாகக் குவிப்பாள். மேலே தட்டி வட்டமாக்கி, நாலாகப் பிரிப்பாள். எதிரெதிர்க் கால்பங்கு இரண்டைத் தள்ளிவிட்டு, மிச்ச இரண்டையும் சேர்த்து மறுபடி குவிப்பாள். இப்படியே குறைத்துக்கொண்டு வந்து, கடைசியில் ஒரு பாட்டிலுக்குள் அடங்குகிற அளவு லேபுக்குப் போகும். அந்தப் பாட்டில் சொல்வதுதான் அந்த மலையின் தலையெழுத்து. வேலை உடம்பில் ஊறிப்போய், வீட்டில் தட்டில் எதைப் போட்டாலும் குவித்து, தட்டி, நாலாகப் பிரித்துக்கொண்டுதான் அவளால் சாப்பிடவே முடிந்தது. அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அப்பா சிரிக்க ஆரம்பிப்பார். சிரிப்பு பாதியில் இருமலாக மாறிவிடும்.

அப்பாவின் இருமலைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள்வரை அவர் செய்தது ஒரே வேலை. உலைத் தூசி பிடிக்கிற அந்தத் துணிப் பைகளைத் தடியால் தட்டுவது, கீழே கொட்டுகிறதை வாருவது. ஓய்வு பெற்ற பிறகு இருமல் மட்டும் ஓய்வு பெறவில்லை. முதலில் மாடிப்படி ஏற முடியாமல் போனது. அப்புறம் படுத்துத் தூங்க முடியாமல், நாற்காலியில் சாய்ந்தபடியே கண்ணை மூடினார். ஒரு சட்டை போட்டு முடிப்பதற்குள் இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினார்.

கம்பெனி ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் இருந்தது, படுக்கை இருந்தது, மருந்து இருந்தது. வேலையால் வந்த நோய் என்று கம்பெனி ஒத்துக்கொண்டால் அத்தனையும் அப்பாவுக்குக் கிடைக்கும். ஒத்துக்கொள்ளத்தான் மாட்டேன் என்றது. கம்பெனி டாக்டர் ரொம்பத் தன்மையாகவே விளக்கினார். எங்கள் பைகள் எல்லாத் தூசியையும் பிடித்துவிடுகின்றன, ஆகவே ஆளுக்குள் போகத் தூசியே மிச்சமில்லை என்பது அவர் வாதம். அந்தப் பையைத் தட்டியதே நான்தானே என்று அப்பா கேட்டதற்கு, அதனால்தான் உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும் என்றார் டாக்டர். பேசிப் பார்த்து ஓய்ந்துபோய், போனால் போகிறதென்று, சளியை ஒரு பாட்டிலில் பிடித்துக் கொடுத்தால் சோதித்துப் பார்ப்பதாகச் சொன்னார்.

நல்ல இறுக்கமான மூடி உள்ள பாட்டில் லேபில்தான் கிடைக்கும். கால்பங்கு அங்கிருந்து இரண்டு பாட்டில் எடுத்துவந்தாள். ஒன்றில் அப்பாவின் சளி. இன்னொன்றில், ஆலைக்குப் பின்னால் இருந்த பழைய கழிவுக் குட்டையிலிருந்து அவள் எடுத்திருந்த சேறு. இரண்டும் ஒரே சாம்பல் நிறம், ஒரே பதம். அவசர அவசரமாகச் சீட்டு ஒட்டியதில் சீட்டு மாறிவிட்டது. சேறு ஆஸ்பத்திரிக்குப் போனது. சளி லேபுக்குப் போனது.

லேப் முடிவு வந்ததும் சல்லடைக்குத் தலைகால் புரியவில்லை. அந்த மாதிரியில் இருந்த அளவுக்குத் துத்தநாகம் இதுவரை எந்தக் குவியலிலும் அகப்பட்டதில்லையாம். பழைய குட்டையைச் சுற்றிக் கயிறு கட்டினார். காவல் போட்டார். மண் அள்ளும் இயந்திரங்களை வரவழைத்துக் குட்டையைக் குடைய ஆரம்பித்தார். குட்டையில் இருந்த தவளைகள் எல்லாம் வெளியேறி மேலாளர்களின் கார் நிறுத்தும் இடத்தில் குடியேறின. அள்ளின சேற்றிலோ ஒன்றும் இல்லை. இன்னும் ஆழமாகத் தோண்டச் சொன்னார்.

இதற்கிடையில் ஆஸ்பத்திரியிலிருந்தும் முடிவு வந்தது. அப்பாவின் நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, உலைத் தூசி எள்ளளவும் இல்லை, ஆனால் சளியில் பாசி பிடித்திருக்கிறது என்று டாக்டர் கண்டுபிடித்திருந்தார். இனிமேல் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடித்தால் சரியாகிவிடும் என்று ஆலோசனை. அப்பா வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அம்மா குடத்துக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். கால்பங்குக்கு மட்டும் விஷயம் பொறி தட்டியது. ஒரு மனுஷனின் சளியில் பாசி எப்படி வரும் என்று டாக்டருக்குத் தோன்றவில்லை, அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் போய்ச் சல்லடையிடம் உண்மையைச் சொன்னாள். வேலை கட்டாயம் போயிற்று என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னாள். பின்னால் இயந்திரங்கள் குட்டையைக் குடைந்துகொண்டிருந்தன. அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டினார்.

"ஏம்மா," என்றார். "அப்போ அந்தக் குவியல் உங்க வீட்டுலதான் இருக்கா?"

அன்றைக்கே வந்துவிட்டார். ஹெல்மெட், டார்ச் லைட், அளவு டேப் எல்லாம் சகிதமாக. கம்பெனியிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று கேட்டதும் அப்பா அவசரமாகச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். இத்தனை வருஷம் கழித்தாவது விசாரிக்க வந்தார்களே என்று அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். கால்பங்கு அதைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சல்லடை அப்பாவைச் சுற்றிச் சுற்றி வந்தார். உயரம் பார்த்தார், மார்பைச் சுற்றி அளந்தார். இந்த இடத்தில் மழைச் சாரல் அடிக்குமா என்று அம்மாவிடம் கேட்டார். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று கேட்டார். ஜன்னலைச் சாத்தச் சொன்னார். அப்பாவுக்கு இருமல் வந்தபோது பதறிப்போய், தன் சொந்தக் கைக்குட்டையை எடுத்து அவர் வாயில் வைத்து, கொஞ்சம் பார்த்து இருமும்படி கேட்டுக்கொண்டார். எவ்வளவு வீணாகிறது என்று அவருக்கு மனசு ஆறவில்லை. போகும்போது, புதுக் குவியலை அடையாளம் வைக்கிற சிவப்புக் கொடி ஒன்றை நாற்காலியின் முதுகில் செருகிவிட்டுப் போனார்.

நல்ல மனுஷன், பாசமாகப் பார்த்துக்கொள்கிறார் என்றார் அப்பா. அந்தக் கொடியை எடுத்துவிடக் கால்பங்குக்குக் கை வரவில்லை.

விஷயம் சட்ட அதிகாரியிடம் போனது. கம்பெனி விதிகளைக் கரைத்துக் குடித்தவர் அவர். உலையிலிருந்து கிளம்பிய தூசி எங்கே கிடந்தாலும் அது கம்பெனிச் சொத்து என்ற விதியை எழுதியவரே அவர்தான். ஆகவே அப்பாவுக்குள் இருக்கிற தூசி கம்பெனியுடையது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அது உள்ளே எப்படிப் போனது என்பதில்தான் சிக்கல். வேலை செய்யும்போது மூச்சில் போனது என்று சொன்னால், பை எல்லாவற்றையும் பிடிக்கிறது என்று கம்பெனி இத்தனை காலமாகச் சொல்லிவந்தது பொய்யாகிவிடும். கம்பெனி பொய் சொல்லாது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டதில் அவருக்கு ஒரே ஒரு வழிதான் மிஞ்சியது. பை பிடித்த தூசியிலிருந்து இந்த ஆள் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, யாருக்கும் தெரியாமல், உடம்புக்குள் வைத்து வெளியே கடத்தியிருக்கிறார்.

திருட்டு விசாரணை என்று கேட்டதும் கால்பங்கு கொதித்துப்போனாள். நேராகச் சல்லடையின் அறைக்குள் நுழைந்து, இனி உங்கள் குவியலை நீங்களே நாலாகப் பிரித்துக்கொள்ளுங்கள் என்று கையுறைகளைக் கழற்றி மேஜையில் வைத்தாள். சல்லடைக்கு அவள் கோபம் புரியவே இல்லை. திருட்டு என்று முடிவானால் நல்லதுதானே என்று அப்பாவியாகக் கேட்டார். பிறகு பொறுமையாக விளக்கினார். திருட்டுப் போன சரக்கு அகப்பட்டால், அதைப் பிரித்தெடுக்கிற வரைக்கும் கம்பெனி தன் பொறுப்பில் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். இந்தச் சரக்கைக் குடோனில் வைக்க முடியாது. கம்பெனி ஆஸ்பத்திரியில்தான் வைக்க வேண்டும்.

"ஆக்ஸிஜன் வைக்கணும்மா, ராத்திரி பகல் வைக்கணும்," என்றார் சல்லடை. "அப்பதான் இருமல் குறையும். இருமல் குறைஞ்சாதான் சரக்கு தங்கும்."

கால்பங்கு நின்ற இடத்திலேயே நின்றாள். கெஞ்சிக் கேட்டும், மன்றாடிக் கேட்டும், மனிதனுக்குக் கொடுக்காத ஆக்ஸிஜனைத் தூசிக்குக் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால் மூச்சு மூச்சுதான். யாருக்கென்று கொடுத்தால் என்ன, அப்பாவின் மூக்குவழியாகத்தானே போகப்போகிறது. இந்தச் சரக்கைக் கடைசியில் எப்படிப் பிரித்தெடுக்கப்போகிறார்கள் என்று மட்டும் ஒரு வார்த்தை கேட்டுவைத்தாள். அந்தத் தொழில்நுட்பம் இன்னும் வரவில்லை, வருகிறவரை எத்தனை வருஷமானாலும் பத்திரமாக வைத்திருப்போம் என்று சல்லடை உறுதி கொடுத்தார். கையுறைகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அப்பா விசாரணையில் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். எடுத்தேன் என்று.

அந்த ஒரு வார்த்தைதான் அப்பாவிடம் கிடையாது. ஆலையில் அவருக்குப் பெயரே வெறுங்கை. வேலை முடிந்து வாசலுக்கு வரும்போது, காவலாளி கேட்பதற்கு முன்னாலேயே இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டுத்தான் வெளியே போவார். ஒரு தடவை செருப்படியில் ஒரு சின்ன ஆணி குத்திக்கொண்டு வீடுவரை வந்துவிட்டது. அதைப் பிடுங்கி, திரும்ப நடந்துபோய் ஆலையில் கொடுத்துவிட்டு வந்த மனிதர். கூட வேலை பார்த்தவர்கள் வீட்டில் கதவுத் தாழ்ப்பாள், தோட்டத்து வேலி, பரண் கம்பி என்று எல்லாமே கம்பெனி இரும்பு. இவர் வீட்டுக் கதவுக்குக் கயிறுதான் தாழ்ப்பாள். இதில் அம்மாவுக்கு ஒரு காலத்தில் எரிச்சல்கூட உண்டு.

கால்பங்கு விஷயத்தைச் சொல்லி முடித்தபோது அப்பா சிவப்புக் கொடியை நாற்காலியிலிருந்து பிடுங்கிக் கீழே போட்டார். அவள் சொல்லிப் பார்த்தாள். காலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். கோபப்பட்டும் பார்த்தாள். மூன்று வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கிக்கொண்டு அவர் சொன்னது இதுதான்: போகிறபோது போகிறேன், திருடன் என்று பெயர் வாங்கிக்கொண்டு இருக்க மாட்டேன். அதற்கப்புறம் மகளிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். அம்மா இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விசாரணைக்கு நானும் வருகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

விசாரணை நாள் வருவதற்குள் அப்பா பாதியாகிவிட்டார். உதடு நீலம் பாரிக்க ஆரம்பித்திருந்தது. வாசலில் இருந்து விசாரணை அறைவரை நடப்பதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று நின்றுதான் வந்தார். இன்றைக்கு ஆக்ஸிஜன் இல்லாமல் திரும்பிப் போனால் இன்னொரு தடவை இந்தப் படி ஏற மாட்டார் என்று கால்பங்குக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும்.

நீளமான மேஜை. ஒரு பக்கம் சட்ட அதிகாரி, பக்கத்தில் சல்லடை, அவர் முன்னால் அந்தச் சாம்பல் நிறப் பாட்டில். எதிர்ப்பக்கம் அப்பா. சுவரோரம் போட்டிருந்த பெஞ்சில் அம்மாவும் கால்பங்கும். சட்ட அதிகாரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பாட்டிலில் இருப்பது உங்களுடையதுதானா என்று தொடங்கினார். சளி என்னுடையது, தூசி உங்களுடையது என்றார் அப்பா. அப்படியானால் எங்கள் தூசி உங்களுக்குள் எப்படி வந்தது என்று அவர் மடக்கினார்.

"மூச்சு விட்டேன்," என்றார் அப்பா.

"யாரைக் கேட்டு விட்டீங்க?"

சட்ட அதிகாரி விதிப்புத்தகத்தைப் புரட்டினார். வேலை நேரத்தில் பையைத் தட்ட அனுமதி இருந்தது, கொட்டியதை வாருவதற்கு அனுமதி இருந்தது, உள்ளே இழுக்க எந்த இடத்திலும் அனுமதி கொடுக்கப்படவில்லை என்று வாசித்துக் காட்டினார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை, விதிப்புத்தகத்துக்கு வெளியே உலகம் இருப்பது தெரியாதவர், அவ்வளவுதான். எடுத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் இன்றைக்கே ஆஸ்பத்திரியில் இடம் போட்டுவிடலாம் என்றார். எடுக்கவில்லை என்றால் திருட்டு இல்லை. திருட்டு இல்லையென்றால் தூசியும் இல்லை. பாசி மட்டும்தான். வீட்டுக்குப் போய் வெந்நீர் குடிக்கலாம்.

"அப்பா, சொல்லிடுங்கப்பா," என்றாள் கால்பங்கு. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஒரு ஆணி எடுத்ததில்லை," என்றார் அப்பா. மூச்சு வாங்கினார். "நான் எடுக்கலை. எழுதிக்குங்க."

சல்லடையின் முகம் தொங்கிவிட்டது. பாட்டிலை ஆசையோடு ஒரு தடவை தடவிவிட்டு ஒதுக்கிவைத்தார். சட்ட அதிகாரி புத்தகத்தை மூடினார். அப்போதுதான் அம்மா பெஞ்சிலிருந்து எழுந்தாள்.

அம்மா இதுவரை எந்த அலுவலகத்திலும் வாயைத் திறந்ததில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அவர் எடுத்தாரா இல்லையா எனக்குத் தெரியாது, ஆனால் தூசி வீட்டுக்கு வந்தது நிஜம் என்றாள். அவர் சட்டையில் வந்தது. சாயங்காலமானால் அந்தச் சட்டையைப் பின்வாசலில் வைத்து உதறினால் எதிரில் இருக்கிற சுவர் தெரியாது. உதறாமல் தண்ணீரில் போட்டால் தொட்டி அடைத்துக்கொள்ளும். கல்யாணம் ஆகி வந்த மறுநாளிலிருந்து அவர் ஓய்வு பெற்ற நாள்வரை உதறினேன். திருட்டுப் பொருளை வாங்கி வைத்தாலும் திருட்டுதானே, அவருக்குப் பதிலாக என்னை எழுதிக்கொண்டு அவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றாள்.

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். அதற்கான விலையை உடனே கொடுக்க வேண்டியிருந்தது. இருமல் பிடித்துக்கொண்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, குனிந்து குனிந்து இருமினாள். அடிவயிற்றிலிருந்து கிளம்பி, நடுவில் ஒரு தடவை அடைத்து, கடைசியில் விசிலடிப்பதுபோல இழுத்துக்கொண்டு முடிகிற இருமல். அறையில் இருந்த எல்லாரும் அப்பாவைத்தான் பார்த்தார்கள். அவர் வாயை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். அச்சு அசல் அவருடைய இருமல், அம்மாவிடமிருந்து வந்துகொண்டிருந்தது. முந்தானையை எடுத்தபோது அதில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை.

சல்லடைக்கு முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. சட்டைப் பையில் கையை விட்டு இன்னொரு பாட்டிலை எடுத்தார். இரண்டாவது குவியல் என்று சட்ட அதிகாரியின் காதில் சொன்னார், கிசுகிசுவென்றுதான் சொன்னார், எல்லாருக்கும் கேட்டது. பாட்டிலைக் கால்பங்கிடம் நீட்டி, மாதிரி எடும்மா என்றார். அவள் கையை நீட்டவில்லை. எத்தனை மலையில் ஏறி இறங்கியிருக்கிறாள், எத்தனை குவியலைத் தோண்டிப் பார்த்திருக்கிறாள். தன் தட்டில் சோறு போட்டவளின் நெஞ்சை ஒரு நாள் காது கொடுத்துக் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது அவளுக்கு. அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம்போல இருந்தது.

அப்பா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். மேஜையைச் சுற்றி, அதைப் பிடித்துப் பிடித்து, அம்மாவிடம் வந்து சேர்ந்தார்.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டார்.

"அதெல்லாம் ரொம்ப நாளாச்சு," என்றாள் அம்மா.

"எனக்குக் கேக்கவே இல்லையே."

"நீங்க இருமுறப்பவே நானும் சேர்ந்து இருமிக்குவேன். தனியா கேக்காது."

சல்லடைகூட நீட்டிய பாட்டிலை மெதுவாக இழுத்துக்கொண்டார். அப்பா தன் இரண்டு கையையும் பார்த்தார். தினமும் சாயங்காலம் வாசலில் விரித்துக் காட்டின கை. பிறகு அம்மாவின் முந்தானையில் இருந்த கறையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவர் முகம் கோணிக்கொண்டு வந்தது, அழுகையை அடக்கிக்கொண்டு சட்ட அதிகாரியின் பக்கம் திரும்பினார்.

"புத்தகத்தைத் திறங்க," என்றார். "எடுத்தேன். தினமும் எடுத்துட்டுப் போனேன். எடுத்துட்டுப் போய் இவகிட்ட குடுத்தேன்."

சட்ட அதிகாரி பேனாவை எடுத்தார். திருடியதை முழு மனதோடு ஒத்துக்கொள்கிறீர்களா என்று விதிப்படி மறுபடி ஒரு தடவை கேட்டார். ஒத்துக்கொள்கிறேன் என்றார் அப்பா. யார் வற்புறுத்தலும் இல்லையே என்று கேட்டார். இல்லை என்றார். தண்டனை விவரத்தை அவர் வாசிக்க ஆரம்பித்தபோது அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

"படுக்கை ரெண்டாப் போடுங்க," என்றார். "ஆக்ஸிஜன் முதல்ல அவளுக்கு வைங்க."